தெருக்கோடி பம்ப் ஓடுமா?

பம்ப் ஓடுகிற வரைக்கும் பம்ப் கம்பெனி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் போதும், ஒரு ஃபிளாட் கட்டடம் முழுவதற்கும் எங்கள் நம்பர் மனப்பாடமாகிவிடும். அந்த நம்பரில் போனை எடுப்பவள் நான்.

நீங்களும் ஒரு தடவையாவது தலை நிறைய ஷாம்பூவோடு நின்று, குழாயைத் திறந்து மூடித் திறந்து, மேலே பார்த்துத் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டு எங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது. பரவாயில்லை, நானும் உங்களில் ஒருத்திதான். உங்களைவிட ஒரு படி மோசம் என்றுகூடச் சொல்லலாம். உங்களுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று கவலை. எனக்கு வந்துவிடுமோ என்று கவலை.

எங்கள் வீடு மலேசியாவில், கிள்ளானில், ஆற்றங்கரை மேட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு தாமான் குடியிருப்பில். தெருக்கோடியில் ஒரு பம்ப் ஹவுஸ். மழைத் தண்ணீர் கால்வாயில் சேர்ந்தால் அதை எடுத்து ஆற்றில் தள்ளுவது அதன் வேலை. போன வருடக் கடைசியில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பாப்பாவுக்கு அப்போது மூன்று மாதம். அவளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் படுக்கவைத்து, நானும் என் கணவர் பிரகாஷும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். நான்தான் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. இதைக்கூட அவள் தூங்கின பிறகு, ஜன்னலைப் பாதி திறந்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மழை வந்தால் காதில் விழ வேண்டுமே.

பிரகாஷ் ஒரு கெடு வைத்தார். "தீபாவளிக்குள்ள முடிவு பண்ணு. இங்கேயே இருக்கோமா, மேட்டுப் பக்கமா காஜாங் போறோமா?" முடிவெடுக்க எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அடுத்த மழைக்கு அந்தப் பம்ப் ஓடுமா, ஓடாதா? தெருவில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தப் பம்ப் ஹவுஸைக் கவனித்துக்கொள்கிற சின்ன கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டேன். உள்ளே போய்விட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்தேன். என்னை மன்னியுங்கள், நான் கான்வென்டில் படித்தவள். கேள்வி கேட்டால் பதில் இருக்கும் என்று அங்கே நம்பவைத்துவிட்டார்கள்.

இன்டர்வியூ

பாஸ் என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, டைப்பிங் தெரிகிறது, வீடு பக்கம்தான். "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார். நான் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, "சார், எங்க தெருக்கோடி பம்ப் ஹவுஸ், பெரிய மழைக்கு ஓடுமா?" என்றேன்.

அவர் உடனே ஃபோர்மன் தேவா அண்ணனைக் கூப்பிட்டார். தேவா அண்ணன் கை துடைத்த துணியோடு வந்து நின்றார். "ஓடும். கரண்டு இருக்கணும்" என்றார். "கரண்டு போனா ஜென்செட் இருக்கே?" என்றார் பாஸ். "ஜென்செட் இருக்கு. டீசல் இருக்கணும்." "டீசல் போன வாரம்தானே ஊத்தினோம்?" "ஊத்தினோம். ஃபில்டர் யாரு மாத்தினா?" "நீ மாத்தலையா?" "நீங்க வாங்கித் தரலையே பாஸ்." அப்புறம் ஆயர் பாசாங், அதாவது கடல் ஏற்றம், பேச்சில் வந்தது. கடல் ஏறினால் ஆறும் ஏறும், அப்போது ஆற்று மதகு தானாக மூடிக்கொள்ளும், உள்ளே பெய்கிற மழைக்கு பம்ப்பைத் தவிர வேறு வழி கிடையாது என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. கால் மணி நேரம் என்னை மறந்தேபோனார்கள். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் பாஸ் என் பக்கம் திரும்பினார். "வேலைக்கு வர்றவங்க லீவு எத்தனை நாள்னு கேப்பாங்க. நீங்க கேட்டதுக்கு எங்களுக்கே பதில் தெரியணும். நாளைக்கே வந்துடுங்க."

சுருதி தப்பாமல் ஓடிய மோட்டார்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட் கட்டடம். பதினோராவது மாடியிலிருந்து கமிட்டி ஆன்டி ஒருவர் போன் செய்தார். மேல்மாடிகளுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. போனில் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு எங்களிடம் ஒரு ஃபாரம் உண்டு. மோட்டார் ஓடுகிறதா? ஓடுகிறது. பச்சை லைட் எரிகிறதா? எரிகிறது. கருகிய வாடை? இல்லை. வித்தியாசமான சத்தம்? ஆன்டி லிஃப்டில் இறங்கிப் போய் போனையே பம்ப் ரூமுக்குள் நீட்டினார். ம்ம்ம் என்று ஒரே சுருதி. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு, "உங்க பம்ப் நல்லா இருக்கு ஆன்டி" என்றேன். "நல்லா இருக்கா? நான் பாட்டில் தண்ணியில மூஞ்சி கழுவிட்டு இருக்கேன்மா!" என்றார்.

கையெழுத்து வாங்கிவர என்னையும் தேவா அண்ணனோடு அனுப்பினார்கள். அண்ணன் மோட்டாரின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். "வயரிங்ல யாராவது கை வச்சாங்களா?" ஞாயிற்றுக்கிழமை ஓர் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைப் புதிதாக மாற்றியிருக்கிறார். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டார். மோட்டார் இரண்டு நாளாக எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றினாலும் அது ஓடும், லைட் எரியும், சத்தம் போடும். பதினோரு மாடிக்குத் தண்ணீரை ஏற்றுகிற பலம் மட்டும் இருக்காது. ஒரு பம்ப் முழுத் தப்பாக ஓடிக்கொண்டே முழுச் சரியாகத் தெரிய முடியுமென்றால், எங்கள் தெருக்கோடியில் தினமும் கேட்கிற சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வயரை மாற்றிப் போட்டு, மறுபடி ஏற்றினார். மேலே குழாய்கள் இருமுகிற சத்தம் கேட்டது. ஆன்டி வாட்சைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷ வேலைக்கா ரெண்டு நாள் குளிக்காம இருந்தோம்? இன்னும் கொஞ்ச நேரம் எதையாவது தட்டிக்கிட்டு இருங்கண்ணே, எங்களுக்கு மனசு ஆறட்டும்."

தண்ணீர் வரக்கூடாத பம்ப்

எங்கள் ஸ்டோரில் ஒரு பழைய பம்ப் கிடந்தது. ரவாங் பக்கம் ஈயச் சுரங்கத்தில் ஓடியதாம். வார்ப்பிரும்பு உடம்பு, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சக்கரம். பிரிக்ஃபீல்ட்ஸில் காபிக் கடை திறக்கப்போகும் ஓர் இளைஞர் அதைப் பார்த்து மயங்கிப்போனார். "அண்ணே, இத கடை வாசல்ல வைக்கணும். வீல் சுத்தணும், கஸ்டமர் போட்டோ எடுக்கணும். ஆனா தண்ணி வரக்கூடாது."

ஜாப் ஷீட்டில் 'பழுது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. தேவா அண்ணனுக்கும் தெரியவில்லை. "இத்தன வருஷமா தண்ணி வரலன்னுதான்மா கொண்டு வருவாங்க. வந்துடக் கூடாதுன்னு இப்பதான் ஒருத்தர் வர்றாரு" என்று தலையைச் சொறிந்தார். 'பழுது: ஏற்கெனவே சரியாக இருக்கிறது' என்று எழுதிவைத்தேன். அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து, துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, பின்னால் ஒரு குட்டி மோட்டாரை ஒளித்துவைத்தார். பூப்போலச் சுற்றியது அந்தச் சக்கரம். அவ்வளவு பெரிய இரும்பு அவ்வளவு அமைதியாகச் சுற்றுவதைப் பார்க்க டீ குடிக்கிற நேரமெல்லாம் நாங்கள் ஸ்டோருக்குப் போய்வந்தோம்.

கடைக்காரர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது. "எல்லாம் ஓகே லா அண்ணே. சத்தம் மட்டும் புதுசா இருக்கு. அத கொஞ்சம் பழசாக்க முடியுமா?"

ஸ்டோர் ரூமில் ஒரு சின்ன பம்ப்

கைக்குழந்தை உள்ள அம்மாக்களே, இது உங்களுக்கு. மதியம் ஒரு தடவை ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டு, ரப்பர் சீல் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தாய்ப்பால் எடுக்கிற பம்ப்பை மாட்டிக்கொள்வேன். ஒருநாள் மோட்டார் ஓடியது, உறிஞ்சவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகேஸ் அக்காவிடம் இரண்டே பாட்டில்தான் பாக்கி. புதிது ஆர்டர் செய்தால் மூன்று நாள் ஆகும். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் பம்ப் கம்பெனியில் உட்கார்ந்துதான் அழுகிறோம் என்பது உறைத்தது. பாட்டில், குழாய் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார்ப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு ஜாப் ஷீட்டும் எழுதினேன். 'சின்ன பம்ப். மோட்டார் ஓடுகிறது. உறிஞ்சவில்லை. கஸ்டமர்: பக்கத்து வீட்டுக்காரர்.'

தேவா அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். "என்னா பம்ப்பும்மா இது? மீன் தொட்டிக்கா?" "அந்த மாதிரிதாண்ணே." திறந்தார். உள்ளே ஒரு காசு அளவு ரப்பர் தகடு கிழிந்திருந்தது. "எவ்ளோ இழுக்கணும்? எவ்ளோ நேரம் ஓடும்?" என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "இருவது நிமிஷம்... ஒரு நாளைக்கு மூணு தடவை" என்றேன். அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். எழுந்து போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். புதுத் துணி ஒன்றை மேசையில் விரித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அரை மணி நேரத்தில் அது நான் வாங்கிய நாளைவிட வேகமாக இழுத்தது. அண்ணன் ஜாப் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடும்மா, வாரன்டி ஆறு மாசம்தான். அதுக்குள்ள பாப்பா இட்லி சாப்பிட ஆரம்பிச்சிடும்."

பாயிக்

பம்ப் ஹவுஸுக்குள் நான் முதன்முதலில் போனது லாக் புக் எடுத்துவரத்தான். அங்கே ஆபரேட்டர் பாக் டின். மலாய்க்காரர், ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். என் தமிழில் பாதி இங்கிலீஷ் கலந்திருக்கும், அவர் தமிழில் அதுகூடக் கிடையாது. அதனாலேயே என்னை மிஸ்ஸி என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார். உள்ளே மூன்று நீல நிற கரண்டு பம்ப். மூலையில் கறுப்பாக ஒரு டீசல் எஞ்சின், வெள்ளைக்காரன் காலத்தது. பித்தளைத் தகட்டில் இருந்த எழுத்தெல்லாம் துடைத்துத் துடைத்தே அழிந்துவிட்டது. அவசரத்துக்கு அதைக் கையால் சுற்றிக் கிளப்பலாமாம். தரையில் ஒரு துளை வழியாக ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி நின்றது. அதன் அடி முனையில், கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், கம்பியும் ஏறும், ஏறுகிற வழியில் சுவிட்சுகளைத் தட்டிவிடும், பம்ப் ஒவ்வொன்றாகக் கிளம்பும், மணியும் அடிக்கும். பம்ப்புகளை மாற்றியிருக்கிறார்கள், கம்பியை மாற்றவில்லை. அது ஒருநாளும் தப்பு செய்ததில்லை என்றார் பாக் டின்.

லாக் புக்கில் ஒவ்வொரு மணிக்கும் ஒரே வார்த்தை. பாயிக். நன்று என்று அர்த்தம். நான் போன வருடக் கடைசிக்குப் புரட்டினேன். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அந்த நாள். பாயிக், பாயிக், பாயிக். "பாக் டின், அன்னிக்கு எங்க வீட்ல முழங்கால் தண்ணி. நீங்க பாயிக்னு எழுதியிருக்கீங்க!" "தெரியும் மிஸ்ஸி. எங்க வீட்லயும்தான் முழங்கால்" என்றார். கால்வாய் பம்ப் ஹவுஸுக்குள் நுழைகிற இடத்தில் குப்பையைத் தடுக்க ஒரு கம்பி வலை உண்டு. யாரோ கால்வாயில் போட்ட ஒரு டபுள் மெத்தை அதில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின்னால் பாதி சோபா செட். இவரும் இன்னும் மூன்று பேரும் கொக்கி போட்டு இழுத்து எடுப்பதற்குள் தெருவெல்லாம் நிறைந்துவிட்டது.

இத்தனை மாதம் நான் தேடிய பதில் இதுதானா, இல்லை இது வேறொரு கேள்வியா என்று புரியாமல் நின்றேன். பாக் டின் லாக் புக்கை மூடி என் கையில் கொடுத்தார். "பம்ப்புக்கு அன்னிக்கு ஒரு குறையும் இல்ல மிஸ்ஸி. தண்ணிதான் அதுகிட்ட வரல."

ஆயுத பூஜை

எங்கள் பாஸ் எதை மறந்தாலும் ஆயுத பூஜையை மறக்கமாட்டார். அது ஒரு வியாழக்கிழமை. ஆபீஸில் ஸ்பேனர், டிரில்லிங் மெஷின், என் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு பம்ப் ஹவுஸுக்குப் போனோம். மாவிலை, செவ்வந்தி மாலை, ஓர் உருண்டை சிவப்பு ராஃபியா கயிறு எல்லாவற்றையும் என் கையில் கொடுத்து, "நீயே அலங்காரம் பண்ணும்மா" என்றார் தேவா அண்ணன். எனக்கு எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்தில் கிறிஸ்மஸ் குடிலுக்குக் காகித நட்சத்திரம் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் ஆயுத பூஜை என்றால் அப்பாவின் கார் மட்டும்தான். "எதுக்கெல்லாம் கட்டணும்ணே?" அண்ணன் டீசல் எஞ்சினுக்கு விபூதிப் பட்டை போடுவதில் மும்முரமாக இருந்தார். "எதெல்லாம் நமக்கு உழைக்குதோ அதுக்கெல்லாம்."

அப்படிப் பார்த்தால் அங்கே அதிகம் உழைப்பது அந்தக் கம்பிதானே? மொட்டையாக நின்றது, பாவமாக இருந்தது. மாலையைப் போட்டேன், வழுக்கிக்கொண்டு கீழே போனது. மாலையையும் கம்பியையும் பக்கத்தில் இருந்த கைப்பிடியோடு சேர்த்து ராஃபியாவை நான்கு சுற்று சுற்றி ஒரு முடிச்சுப் போட்டேன். கேர்ள் கைட்ஸில் மூன்று வருடம் இருந்து நான் உருப்படியாகக் கற்றது அந்த ஒரு முடிச்சுதான். இழுக்க இழுக்க இறுகும். எஞ்சின் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். பாக் டின் அதுவரை வெளியே மரியாதையாக நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்தார். "கம்பி அழகா இருக்கு மிஸ்ஸி" என்றார்.

பாஸும் அதைப் பார்த்துக் கும்பிட்டார். "வருஷா வருஷம் பூஜை போடுறோம். அந்தக் கம்பிக்கு இன்னிக்குத்தான் ஒரு மரியாதை கிடைச்சிருக்கு."

மறுநாள், வெள்ளிக்கிழமை

வெள்ளி மதியம் பாக் டின் தொழுகைக்குப் போவார். சுவிட்சை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டுப் போனால் மீதியைக் கம்பி பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. நான் சாப்பாட்டு நேரத்தில் பாப்பாவைப் பார்க்க மகேஸ் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது வீடு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு. வாசல் கால்வாயில் பாசி படிந்த கோட்டைத் தண்ணீர் தொட்டால், தெருக்கோடியில் முதல் பம்ப் உறுமும். தண்ணீர் கோட்டைத் தொட்டது. தாண்டியது. விளிம்புக்கு வந்தது. மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. அக்கா அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

பாக் டின் போன் அணைந்திருந்தது. தேவா அண்ணனுக்குப் போட்டேன், அவர் செராஸில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். "கரண்டு இருக்காம்மா?" "ஃபேன் சுத்துதுண்ணே." "பெல் கேக்குதா?" "இல்லண்ணே." "பெல்லும் இல்ல, பம்ப்பும் இல்லன்னா கம்பி ஏறல. நேத்து கம்பிய யாராவது தொட்டீங்களா?" போனைப் பைக்குள் போட்டேன். முதல்நாள் எடுத்த பம்ப் ஹவுஸ் சாவியைத் திருப்பி வைக்க மறந்திருந்தேன், என் பையிலேயே கிடந்தது. பாப்பாவை அக்கா மடியில் போட்டுவிட்டு ஓடினேன். வாயில் தானாக வந்தது 'ஹெய்ல் மேரி' ஜெபம். நான் முருகனைக் கும்பிடுகிறவள், ஆனால் பயந்தால் கான்வென்ட்தான் வருகிறது. உள்ளே கறுப்புத் தண்ணீர் தரை கிராதிக்கு ஒரு சாண் கீழே நின்றது. கம்பி ஏறப் பார்த்துப் பார்த்து நடுங்கியது. செவ்வந்தி உதிர்ந்துகொண்டிருந்தது. ராஃபியா விறைத்துப்போய் நின்றது. என் முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. பையில் பாப்பாவுக்கு நகம் வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. முனை மழுங்கலாக, விரல் நீளம்கூட இருக்காது. ஒவ்வோர் இழையாக அறுத்தேன். கடைசி இழை பட்டென்று தெறித்ததும் கம்பி என் தலைக்கு மேலே பாய்ந்தது, மாலை என் முகத்தில் அடித்தது, மணி அலறியது, ஒன்று, இரண்டு, மூன்று என்று பம்ப்புகள் கிளம்பின. நானும் அலறினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் மகேஸ் அக்கா வீட்டு வாசற்படியை நக்கிவிட்டு இறங்கியதாம். பாக் டின் நனைந்த சொங்கோக் தொப்பியோடு ஓடிவந்தார். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "சாமி கும்பிடுங்க மிஸ்ஸி, வேணாம்னு சொல்லல. ஆனா கட்டிப் போடாதீங்க."

ரிப்போர்ட்

பம்ப் ஓடாமல் போனால் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதை டைப் செய்வது யார் என்று உங்களுக்குத் தெரியும். 'காரணம்' என்ற இடத்தில் 'கயிறு' என்று அடித்தேன். அழித்தேன். 'அந்நியப் பொருள்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். வேலை போய்விடும் என்பது ஒரு பயம். தெருவில் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. ஆனால் அந்த நாற்காலியில் என்னை அசையவிடாமல் வைத்தது வேறு. என் பிள்ளை இருக்கிற தெருவுக்குள் தண்ணீரை விடப்போவது மழையா, கடலா, கரண்டா, மெத்தையா என்று இத்தனை மாதம் தேடினேன். அது நானாக இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. 'நான் கட்டினேன்' என்று அடித்து, பெயரையும் போட்டு, பாஸ் மேசையில் வைத்தேன்.

பாஸ் மூன்று தடவை படித்தார். தேவா அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "உழைக்கிறதுக்கெல்லாம் கட்டுன்னு நான்தான் பாஸ் சொன்னேன்" என்றார். பாக் டின்னுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டால், "அழகா இருக்குன்னு போட்டோ வேற எடுத்தேன் பாஸ். சுவிட்ச ஆட்டோல போடுறப்ப அவுத்து விடணும்னு தோணல" என்றார். யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. யாரும் திட்டவில்லை. அது இன்னும் குழப்பமாக இருந்தது.

பாஸ் பேனாவை எடுத்து என் பெயருக்குக் கீழே இரண்டு பெயர் எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்றாவதாகத் தன் பெயரையும் எழுதினார். "நானும்தானே அதுக்கு சூடம் காட்டினேன்? சரி, இனிமே வெள்ளிக்கிழமை பாக் டின் திரும்பி வர்ற வரைக்கும் நீங்க அங்க உக்காந்திருங்க. கயிறு மட்டும் கொண்டு போகாதீங்க."

காஜாங் வீடு

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிரகாஷ் எங்களைக் காஜாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மேட்டின்மேல் ஃபிளாட், அதில் ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஊரே காலடியில். "இங்க வெள்ளம் வந்துச்சுன்னா மலேசியாவே இருக்காது" என்றார் பிரகாஷ். பாப்பா காற்றில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். எனக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. இங்கே நான் தூங்கலாம். மழை பெய்தால் மழை என்று மட்டும் நினைக்கலாம்.

அவள் கையைக் கழுவிவிடலாம் என்று சமையலறைக் குழாயைத் திறந்தேன். அது இருமியது. காற்று வந்தது. பழுப்பாக நான்கு சொட்டு விழுந்தது. வீட்டுக்கார அம்மா கொஞ்சமும் பதறவில்லை. "தண்ணிக்கெல்லாம் கவலையே படாதீங்க. கீழ பம்ப் இருக்கு" என்றார். பிரகாஷ் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "யார் பாத்துக்கறாங்க?" என்றேன். எந்தக் கம்பெனி, யார் ஆபரேட்டர், வெள்ளிக்கிழமை யார் இருப்பார்கள், லாக் புக் உண்டா, என்று என் வாய் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனது. அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பிரகாஷிடம் சொன்னார். "அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? அது பாட்டுக்கு ஓடும்."

எங்கள் தெருக்கோடி பம்ப் அடுத்த மழைக்கு ஓடுமா என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் ஓடாவிட்டால் யாரையெல்லாம் திட்ட வேண்டும் என்று, என் பெயரையும் சேர்த்து, பட்டியலே தெரிந்திருக்கிற தெருவை விட்டுப் போக மனம் வராமல் கிள்ளானிலேயே தீபாவளி கொண்டாடினோம்.